புழு தின்ற மூலை

பம்ப்செட் அறையில் மூன்று பேர் இருக்கிறோம். பேராசிரியர் ஸ்டான்லி சார் நாற்காலியில், சண்முகப்பிரியா கவிழ்த்த கூடைமேல், கடிதம் எழுதும் நான் வாசற்படியில். வெளியே சாரல். விடுதிச் சாப்பாட்டு மிச்சத்தை மக்க வைத்து நாங்கள் விளைவித்த கல்லூரி வயல், தலைசாய்த்துப் பொன்னாக நிற்கிறது. இந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் இது வயலாகவே இருக்குமா, பஸ் நிறுத்துமிடமாகுமா என்று வெளியூரில் இருக்கும் நிர்வாகம் முடிவு செய்யும்.

"புழு தின்ன மூலையை எழுதாதலே. நம்ம குறையை நாமளே தபால்ல அனுப்பணுமாக்கும்?" என்கிறார் சார்.

"ஏலே, எழுது," என்கிறாள் பிரியா. "மருந்தடிக்காம, பயிர்மேல முள்ளுக்கிளையை இழுத்து, புழுவை உதுத்துல்லா மிச்சத்தைக் காப்பாத்துனோம். கையைப் பாருங்க சார்!"

கீறல் கீறலான கைகளை நீட்டுகிறாள். சார் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பிறகு, "பெரிய எழுத்துல எழுதுலே," என்கிறார்.

எழுதி ஒட்டியதும் உறையை வாங்கி, நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, இலஞ்சி தபாலாபீசுக்கு அவரே பைக்கைக் கிளப்புகிறார்.