கார்த்திகேசு பூட்டிய புரோகிராம்

"அந்தக் காலத்திலை மெஷினை வாங்கினால் புரோகிராம் சும்மா வரும் தம்பி. சும்மா!"

கார்த்திகேசு தொடங்கிவிட்டார். புவனேசன் தன் கோப்பைக்குள் பார்த்தான். இன்னும் அரைக் கோப்பை தேத்தண்ணி இருந்தது. தப்ப வழியில்லை.

"அதை எழுதின மூலவரியள், சோர்ஸ் எண்டிறது, அதுவும் கூடவே வரும். ஆர் என்னத்தை எழுதினது எண்டு வரிக்கு வரி வாசிக்கலாம். பிழை கண்டால் நாங்களே திருத்துவம். திருத்தினதைக் காந்த நாடாவிலை ஏத்தி மற்றக் கொம்பனியளுக்கும் அனுப்புவம்."

"பிறகு?" கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறார்.

"பிறகென்ன, மெஷினுக்கு ஒரு பில், புரோகிராமுக்கு ஒரு பில் எண்டாங்கள். சரியெண்டு குடுத்தம். எண்பதுகளிலை சோர்ஸையும் பூட்டிப்போட்டாங்கள். இப்ப பிழை வந்தால் போன் பண்ணிப்போட்டு வாயைப் பாத்துக்கொண்டிருக்க வேணும். எழுதினதை ஒளிக்கிறவன் மனிசனே?"

லண்டனில் ஒரு காப்புறுதிக் கொம்பனியின் மெயின்பிரேம் கணினி அறை அது. ஆண்டு 2003. அங்கே வேலை செய்த ஆறு பேருக்கும் வாரத்துக்கு மூன்று முறை இந்தப் பிரசங்கம் கிடைக்கும். புவனேசனுக்குக் காது புளித்துவிட்டது.

"அப்ப உங்கடை ஷிப்ட் புரோகிராமின்ரை சோர்ஸை ஏன் அண்ணை பூட்டி வைச்சிருக்கிறியள்?"

கார்த்திகேசுவுக்குப் பிஸ்கட் தொண்டையில் சிக்கியது.

"அது... அது வேறை விசயம்."

யாருக்கு எந்த நாள் வேலை என்று மாதாமாதம் பட்டியல் போடுவது அவர் எழுதிய புரோகிராம்தான். அதில் ஒரு கோளாறு இருப்பது ஊரறிந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அவர் தலையிலேயே விழும். எழுதியவனையே உதைக்கிற புரோகிராம் என்று அறை முழுக்கச் சிரிக்கும். "மெஷினுக்கு என்னிலை ஒரு பாசம்" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

புவனேசனுக்கு ஞாயிறு என்றால் உயிர். விவாகரத்துக்குப் பிறகு மகள் லக்‌ஷிகாவைப் பார்க்கக் கோர்ட் அனுமதித்த ஒரே நாள் அதுதான். தாயோடு லூயிஷாமில் இருந்தாள். ஒரு ஞாயிறு தவறினால் அந்த வாரம் பிள்ளை முகம் இல்லை. இதை வேலையிடத்தில் அவன் மூச்சுவிட்டதில்லை. கேட்டால் லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போவதாகச் சொல்லுவான். நல்லவேளையாக அவனுக்கு ஞாயிறு வேலை விழுவதுமில்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தான்.

அன்றைக்குக் கிழவரை மடக்கிய உற்சாகத்தில் நேரே மேனேஜர் ஹெலனிடம் போனான். "புரோகிராமில் பிழை இருக்கிறது. வெட்கத்தில் சோர்ஸைப் பூட்டி வைத்திருக்கிறார்" என்று வத்தி வைத்தான்.

வியாழக்கிழமைக்குள் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

கார்த்திகேசு அவனைத் தேடி வந்தார். "தம்பி, வேறை என்னவும் கேளும். உந்தச் சோர்ஸைத் துறக்கப் பண்ணாதையும்."

"எழுதினதை ஒளிக்கிறவன் மனிசனே எண்டு நீங்கள்தானே அண்ணை கேட்டனீங்கள்?"

அவர் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புவனேசனுக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இரட்டிப்பு ருசியாக இருந்தது.

வியாழக்கிழமை நாற்பது பக்கம் அச்சாகி வந்தது. ஹெலன் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஞாயிறு எல்லோருக்கும் சமமாக வரவேண்டும். பிழையைக் கண்டுபிடித்து அழித்துவிடு."

புவனேசன் சிவப்புப் பேனையைத் திறந்தான். முப்பத்தோராம் பக்கத்தில் அந்த வரி இருந்தது.

ஞாயிறு புவனேசனுக்கு விழுந்தால், கார்த்திகேசுவைப் போடு.

பேனை அப்படியே நின்றது. எழுதுகிறவர்கள் தங்கள் ஞாபகத்துக்குக் குறித்து வைக்கும் இடத்தில், ஆங்கில எழுத்தில் தமிழ் கிடந்தது.

"லூயிஷாம் மார்க்கெட்டிலை பிள்ளையோடை கண்டனான். ஞாயிறு மட்டும்தான் பாக்க விடுகினமாம், கோயிலிலை சொல்லிச்சினம். பெடியனுக்குத் தெரியக் கூடாது. வெக்கப்படுவான்."

பக்கத்தில் தேதி: ஜூலை 1999.

நாலு வருடம். அவனுக்கு விழவேண்டிய ஒவ்வொரு ஞாயிறும், அவன் பிள்ளைக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்கையில், இந்த மனிதர் இங்கே மெஷினுக்குக் காவல் இருந்திருக்கிறார். புவனேசனுக்குக் கண் முட்டிவிட்டது. தன்னையே செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தான். கார்த்திகேசு சுவரைப் பார்த்து நின்று, சீனி போடாத தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

புரோகிராம் வாசிக்கத் தெரியாத ஹெலன் எட்டிப் பார்த்தாள். "இது என்ன மொழி? என்ன எழுதியிருக்கிறது?"

புவனேசன் பேனையை மூடினான்.

"எங்கள் ஆட்களின் பிரார்த்தனை. மெஷின் படுக்காமல் ஓடுவதற்கு."

"ஓ!" ஹெலன் கதிரையை மரியாதையாகப் பின்னுக்கு நகர்த்தினாள். பிற கலாசாரங்களை மதிப்பது எப்படி என்று போன மாதம்தான் கொம்பனி செலவில் ஒரு வகுப்புக்குப் போய் வந்திருந்தாள். "அப்படியென்றால் அதைத் தொட வேண்டாம். பிழை?"

"நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் சமமாக வரும்."

அன்று மாலை அந்த வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி ஏறியது.

இரவு ஷிப்ட் கார்த்திகேசுவுக்கு விழுந்தால், புவனேசனைப் போடு.

அதற்குப் பக்கத்தில், ஆங்கில எழுத்தில்: "அண்ணைக்குத் தெரியக் கூடாது."

எழுதி முடித்ததும் புவனேசன் சோர்ஸைப் பூட்டினான்.