தோப்பூர்த் துறைமுகம்

முனாஸைக் கண்டதும் ஹெக்டர் அண்ணன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் முனாஸுக்கு மூச்சே வந்தது. கள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டார், நல்ல காலம்.

“வாங்க தம்பி, உங்களைத்தான் நினைச்சனான். இருங்க.”

மீனவர் சங்கத் தலைவர் அவர். கட்டடத்தில் ஆடாத கதிரை ஒன்றுதான் உண்டு, அதைத் துடைத்து முனாஸுக்குக் கொடுத்தார். மேசையில் அந்தப் புத்தகம் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

‘கடல் நாணயம் – வெள்ளை அறிக்கை.’ கொழும்பிலிருந்து வந்த அஞ்சலோ என்பவன் விற்கிற கிரிப்டோ நாணயம் எந்தச் சொத்தை நம்பி நிற்கிறது, வாங்கியவனுக்கு என்ன கிடைக்கும் என்று விளக்குகிற இருபத்துநான்கு பக்கங்கள். எழுதியவன் முனாஸ். அத்தனையும் புளுகு என்பது எழுதும்போதே அவனுக்குத் தெரியும்.

தெரிந்தும் ஏன் எழுதினான் என்று கேட்பீர்கள். அஞ்சலோ கொடுத்த முற்பணம் பாலையூற்றில் அவன் வீட்டுக்குக் கூரையாக ஏறிவிட்டது. இனி ஓட்டைக் கழற்றியா திருப்பிக் கொடுப்பது?

மற்றப்படி முனாஸ் துறைமுக வாசலில் மனு எழுதிப் பிழைக்கிற மனுசன். படகு அனுமதியோ டீசல் மானியமோ, எதற்கும் சனம் அவனிடம்தான் வரும். அவன் பென்சிலால் புள்ளடி போட்டுக் காட்டிய இடத்தில் கையெழுத்தை வைத்துவிட்டு எழும்பிப் போவார்கள். போன மாரியில் உடைந்த முப்பது படகுகளுக்கு நட்டஈடு கிடைத்ததும் அவன் எழுதிய மனுவால்தான். அந்தப் பணம் புதுப் படகு வாங்கவென்று சங்கத்தின் பேரில் வங்கியில் இருந்தது. அஞ்சலோவின் கண் அதில்தான்.

“கொழும்பில எழுத ஆளில்லையா?” என்று முனாஸ் அப்போதே கேட்டான்.

“எத்தனையோ பேர் இருக்கிறாங்கள். ஆனா இந்தச் சனத்துக்கு நீங்கள்தான் சரி. உங்கட பேரையும் மட்டையில பெரிசாப் போடுவம்” என்றான் அஞ்சலோ. முனாஸுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட வந்தது, வெட்கக்கேடு.

எழுதத் தொடங்கிய நாளிலிருந்து மனம் அரித்தது. ஹெக்டர் அண்ணனைத் தூரத்தில் கண்டாலே வேறு ஒழுங்கையால் திரும்பிப் போனான். நேரே போய், “அண்ணன், இது கள்ள வேலை, காசைப் போடாதீங்க” என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆனால் வாயைத் திறந்தால் கூரைக் கதையையும் சொல்ல வேண்டும். அதற்குத் தைரியம் இல்லாத மனுசன், தன்னைப் பெரிய கெட்டிக்காரனாக நினைத்து ஒரு வழி கண்டான்.

முதல் பக்கத்திலேயே இப்படி எழுதினான்: ‘எமது நாணயத்தின் சொத்து, தோப்பூர்ச் சந்தைக்குப் பின்னால் அமைந்துள்ள எமது துறைமுகமாகும். இங்கு மார்கழி மாதத்திலும் நாளாந்தம் நூறு சிறு படகுகள் மீன் இறக்குகின்றன.’

தோப்பூர்ச் சந்தைக்குப் பின்னால் நெல்வயல்தான் இருக்கிறது. மார்கழிக் கடலில் சின்னப் படகை இறக்க இந்தப் பக்கத்தில் ஒருவனும் துணிய மாட்டான். வலையைத் தொட்ட எவனும் அந்த இரண்டு வரியிலேயே சிரித்துப் புத்தகத்தை வீசிவிடுவான் என்று முனாஸ் கணக்குப் போட்டான். அஞ்சலோ வாசித்தானோ இல்லையோ, ஓர் எழுத்தையும் மாற்றாமல் அச்சுக்குக் கொடுத்தான். அப்படியும் முனாஸுக்கு நிம்மதி இல்லை, தொழுகையில் நின்றாலும் தோப்பூர்தான் நினைவுக்கு வந்தது.

“நேற்றுப் பூசை முடிஞ்சு கூட்டம் வச்சீங்களாம்” என்று மெல்லத் தொடங்கினான்.

“ஓம் தம்பி. அஞ்சலோவும் வந்தவர். ஆளுக்கொரு புத்தகம் குடுத்தவர்.”

“சனம் என்ன சொன்னாங்க?”

“ஒரே சிரிப்புத்தான். கன நாளைக்குப் பிறகு எங்கட ஆக்கள் சிரிச்சதைக் கண்டனான்.”

முனாஸும் சிரித்தான். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. இனி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்றுகூட எண்ணினான். “அப்ப அஞ்சலோவுக்கு முகம் செத்துப் போயிருக்குமே?”

“அவருக்கு ஏன்? எல்லாருக்கும் கை குடுத்து, சந்தோசமாத்தான் போனவர்.”

முனாஸின் சிரிப்பு பாதியில் நின்றது. “அண்ணன், நட்டஈட்டுக் காசு வங்கியிலதானே கிடக்கு?”

“இல்லையே. இண்டைக்குக் காலமை வங்கி திறந்த உடனே முழுக்க அனுப்பிப்போட்டன். நாணயமெல்லாம் போனில வந்திட்டுது, பாருங்கவன்.”

முனாஸ் போனைப் பார்க்கவில்லை. புத்தகத்தை இழுத்து முதல் பக்கத்தை விரித்தான். விரலை அந்த வரியில் வைத்து அழுத்தினான்.

“தோப்பூரில துறைமுகம் எண்டு இருக்கு அண்ணன். மார்கழியில நூறு படகு எண்டு இருக்கு. இதை வாசிச்சுப்போட்டா காசை அனுப்பினீங்க?”

ஹெக்டர் அண்ணன் அவன் தோளில் அன்பாகக் கையை வைத்தார்.

“நீங்கள் எழுதினதை நாங்கள் எண்டைக்குத் தம்பி வாசிச்சனாங்கள்?”