திரைக்கு முதுகு

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இஸ்திரிக்கடைக்காரி முன்வரிசை நாற்காலியில் முழங்காலிட்டு ஏறி, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் ரொட்டிக்கடைக்காரியும் அப்படியே திரும்பினாள். அவள் வேற்று நாட்டுக்காரி, ஏணி மேல் ஏணி வைத்த உயரம். பின்னால் இருந்தவர்களுக்கு அவள் தலை பாதிப் படத்தை மறைத்தது.

"அக்கா, படம் அந்தப் பக்கம் ஓடுதுக்கா" என்றார் இரண்டாம் வரிசைக்காரர்.

"நாங்க பார்த்த படம்தாங்க. நீங்க பாருங்க."

பார்த்த படமாவது! அவர்கள் கதையேதான் அது. வெள்ளத்தில் புருஷனைப் பறிகொடுத்த இரண்டு பெண்கள். ஒருத்தி பேசுவது மற்றவளுக்குப் புரியாது. இருந்தும் சிநேகிதமாகிறார்கள்.

விருதெல்லாம் வாங்கிய படம். அதனால் அதில் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஒரு வாளி நிறைவதையே சாவகாசமாகக் காட்டுகிறார்கள்.

இஸ்திரிக்கடைக்காரியாக நடித்தவள் அழுதால் ஒரே ஒரு சொட்டு கன்னத்தில் இறங்குகிறது, அதுவும் அழகாக. நிஜத்தில் இவள் அழுதபோது முதலில் ஒழுகியது மூக்குதான்.

படத்தில் இருவரும் மௌனமாக ஆற்றைப் பார்க்கிறார்கள். நிஜத்தில் இந்த இரண்டு வாயும் மூடி யாரும் பார்த்ததில்லை. இவள் தமிழில் திட்டுவாள், அவள் தன் பாஷையில் திட்டுவாள், கணக்கு நேராகிவிடும்.

ரொட்டிக்கடைக்காரி முதலில் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் "சக்களத்தி". இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். தெருவில் கேட்கிறவர்கள் ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எந்த ஊரில் படத்தைப் போட்டாலும் கடையைப் பூட்டிவிட்டு இருவரும் பஸ் ஏறிவிடுவார்கள். வாசலில் நின்று, போகிற வருகிறவர்களைக் கையைப் பிடித்து உள்ளே தள்ளுவார்கள். ஏசி இருக்கிறது, கால் நீட்டித் தூங்கலாம் என்றுகூடச் சொல்லிப் பார்ப்பாள் இஸ்திரிக்கடைக்காரி.

"படத்துல வந்ததும் இவளுக்குத் தலைகால் புரியல" என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லி முடித்தாயிற்று.

சொல்லட்டுமே. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த ஒரு காட்சி வரும்போது அரங்கில் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. ஒரு முகமும் அவள் கண்ணுக்குத் தப்பக் கூடாது.

அந்தக் காட்சியை வெட்டிவிடலாம் என்றுதான் டைரக்டர் சொன்னார். யாரும் நம்ப மாட்டார்களாம், சிரித்துவிடுவார்களாம். அது இல்லையென்றால் எங்கள் கதையும் இல்லை என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

இதோ, வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்துப் பெரிய கூடம். தரையில் வரிசையாக உடல்கள். முகம் பார்த்துச் சொல்கிற நிலையில் ஒன்றும் இல்லை. நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரனின் தலைமாட்டில் ஒருத்தி, கால்மாட்டில் ஒருத்தி. என் புருஷன், என் புருஷன் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள்.

ஊரார் சட்டையெல்லாம் அடையாளம் தெரியும் இஸ்திரிக்கடைக்காரிக்கு. தன் வீட்டுச் சட்டை எது என்று தெரியாமல் போயிற்று, பாருங்கள்.

காவலுக்கு நின்றவர் வந்து சட்டையை விலக்குகிறார். வயிற்றின் குறுக்கே நீளமாக ஒரு ஆபரேஷன் தழும்பு.

இரண்டு பேரும் இழுப்பதை நிறுத்துகிறார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்க்கிறார்கள். இவள் புருஷனுக்கும் தழும்பு கிடையாது, அவள் புருஷனுக்கும் கிடையாது. யார் வீட்டு ஆளுக்கோ அவ்வளவு நேரம் மாரடித்திருக்கிறார்கள்!

யாரோ ஒருவர் அடக்கப் பார்த்து முடியாமல் போக, அரங்கம் குபீரென்று சிரித்தது. அன்றைக்கு அவர்கள் இருவருமே அப்படித்தான் சிரித்தார்கள். போலீஸ்காரர் வந்து அதட்டிய பிறகுதான் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

இப்போது இருவரும் சிரிக்கவில்லை. இந்தப் பக்கத்து முகங்கள் இவள் பங்கு, அந்தப் பக்கத்து முகங்கள் அவள் பங்கு. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

ரொட்டிக்கடைக்காரி அவள் கையைக் கிள்ளினாள்.

"சக்களத்தி. அங்கே."

கடைசி வரிசையில் ஒருத்தி சிரிக்காமல் இருந்தாள். அவள் கை தன் வயிற்றின் குறுக்கே போய், தழும்பு இருந்த அதே இடத்தில் நின்றிருந்தது.

இருவரும் இறங்கி அவளை நோக்கி நடந்தார்கள். இதற்காகத்தான் இஸ்திரிக்கடைக்காரி ஊர் ஊராக அலைந்தாள். இப்போது பார்த்து, கடவுளே, இவள் வேறு யாராகவாவது இருக்கட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அவர்களுடைய புருஷன்மாரை ஆறு இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்க நாதியில்லாமல் கிடந்த அந்தச் சட்டைக்காரனைத்தான் இரண்டு பேரும் கேட்டு வாங்கி அடக்கம் பண்ணினார்கள். புருஷனிடம் சொல்ல நினைத்ததையெல்லாம், சண்டை உட்பட, மாற்றி மாற்றி அவன் சமாதியில்தான் போய்ச் சொல்லிவருகிறார்கள்.

கடைசி வரிசைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு இந்தப் பக்கம் வந்தாருன்னே எனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

இஸ்திரிக்கடைக்காரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மூக்கு ஒழுகியது. துடைக்கவில்லை.

"வாம்மா, கூட்டிட்டுப் போறோம். அவரை நாங்க அநாதையா விடலை."