பாறைமேல் நேர்காணல்

"அவன்கிட்டப் போய் நான் கெஞ்சணுமா? என் செருப்புகூட அந்தக் களத்த மிதிக்காது!" என்றார் மாதையன்.

மகள் அருணா பாறைமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்துத் தவித்துக்கொண்டிருந்தாள். ஊரில் சிக்னல் கிடைப்பது அந்த ஒரு பாறையில்தான். அதற்கு நேர் கீழே சுப்பிரமணியின் களம். அங்கே கதிரடிக்கும் மிஷின் காதைப் பிளந்துகொண்டிருந்தது.

"இன்னும் பத்து நிமிஷத்துல ஜெர்மனில இருந்து கூப்டுவாங்கப்பா. இந்தச் சத்தத்துல நான் பேசறது எதுவும் கேக்காது."

"அதான் டாக்டர் பட்டம் வாங்கிட்டியே. இன்னும் இன்னா பரீட்சை?"

"பரீட்சை இல்லப்பா, ஆராய்ச்சி வேலை. நட்சத்திரம் எப்படி வெடிக்குதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பாக்கணும். இருக்கறது ஒரே ஒரு இடம்."

மாதையன் களத்துப் பக்கம் திரும்பினார். ஆனாலும் கால் நகரவில்லை. பத்து வருஷம் முன்னே, அருணா வேலூருக்குப் படிக்கக் கிளம்பியபோது, ஊர்க் கூட்டத்தில் வைத்து இந்தச் சுப்பிரமணிதான் சிரித்தான். "பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்குடா இம்மாம் படிப்பு?" அன்றோடு பேச்சு அறுந்தது.

அழைப்பு வரும் நேரம். திடீரென்று மிஷின் நின்றது.

மாதையன் எட்டிப் பார்த்தார். சுப்பிரமணி இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேற்கே மேகம் கருத்துக்கொண்டு வந்தது.

'மிஷின் படுத்துக்கிச்சு! மேல இருக்கறவன் பாத்துக்கினுதான் இருக்கான்' என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் அருணா இங்கிலீஷில் பேசினாள். முடிக்கவும் தூறல் விழவும் சரியாக இருந்தது.

"நல்லா பண்ணிட்டேன்ப்பா! கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன்!"

மழை வலுத்தது. கீழே சுப்பிரமணியும் அவன் சம்சாரம் குப்பம்மாவும் சாமைக் கதிரை வாரிக்கொண்டு ஓடினார்கள். பாதிக்கு மேல் நனைந்து கிடந்தது.

"அப்பா, நம்ம தார்ப்பாயக் குடுத்துட்டு வர்றேன்."

"நனையட்டும் வுடு! நீ வூட்டுக்குப் போ!"

அவள் முகம் சுருங்க வீட்டுக்கு நடந்தாள். அவர் மட்டும் வேடிக்கை பார்க்க நின்றார்.

மிஷின் ஓட்டி வந்த போளூர்க்காரப் பையன் மழைக்கு ஒதுங்க, அவர் நின்ற பாறையோரப் புளியமரத்தடிக்கு ஓடி வந்தான்.

"இன்னாப்பா, ரிப்பேரா?" மாதையன் சிரித்தார்.

"மிஷின் நல்லாத்தாங்க இருக்குது. பாறைமேல ஒரு பொண்ணு கம்ப்யூட்டரோட தவிச்சிக்கினு இருந்ததப் பாத்துட்டு அவருதாங்க நிறுத்தச் சொன்னாரு. மழை வருதுன்னு நான் தலபாடா அடிச்சுக்கினேன். 'சாமை அடுத்த வருஷமும் வெளையும், புள்ள பேசி முடிக்கட்டும்'னுட்டாரு."

மாதையனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அவ அப்பன் ரோஷக்காரன், அவன் காதுக்கு மட்டும் போகவுடாதேன்னாருங்க" என்றவன், தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான்:

"ஆமா, நீங்க யாருங்க?"