சுரண்டச் சொன்ன பேர்

“இன்னும் தெரியுதுண்ணே,” என்றாள் அந்தப் பெண்.

ஸ்டிக்கர்க்காரர் நிமிர்ந்தார். இடுப்பு விண்ணென்று தெறித்தது.

காலையிலிருந்து இந்தப் படகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். சூடு காட்டி, பிளாஸ்டிக் தகட்டால் நெம்பி, எழுத்து எழுத்தாக உரித்தாயிற்று. வெயிலில் காய்ந்த ஸ்டிக்கர் முழுசாக வந்தால்தானே? நகக்கண் அளவுக்குப் பிய்ந்து பிய்ந்து உயிரை வாங்கியது. ஒட்டியிருந்த பசையைத் தின்னர் போட்டுத் துடைத்ததில் மூக்கு வேறு எரிந்தது.

“ஸ்டிக்கர் போயிடுச்சும்மா. இது வெறும் தடம். சுத்தியிருக்கற பெயின்ட் வெளுத்துப்போச்சு, எழுத்துக்கு அடியில இருந்தது வெளுக்கலை. அதான் பேர் தெரியுது.”

“அதுவும் தெரியக் கூடாது.”

“பாலிஷ் போட்டுத் தேய்க்கணும். கை கழண்டுடும்.”

“தேய்ச்சிடுங்க.”

படகில் இருந்தது அவளுடைய பேர்தான். மகள் பிறந்த சந்தோஷத்தில் அவள் அப்பா படகுக்கு வைத்த பேர். கடைசியாக அதை ஒட்டிக் கொடுத்ததும் இந்த ஸ்டிக்கர்க்காரர்தான். ஓர் எழுத்து ஒரு நூல் சாய்ந்ததற்கு அந்த மனுஷன் பண்ணின அமர்க்களம் இன்னும் மறக்கவில்லை.

இப்போது படகை விற்றாகிவிட்டது. மகள் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்குகிறது.

வாங்கினவர் டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“நான் எடுக்கச் சொல்லலைப்பா. ராசியான பேரு, இருந்துட்டுப் போகட்டும்னுதான் சொன்னேன். பேரை எடுத்தாத்தான் படகுன்னு ஒத்தைக்கால்ல நிக்குது இந்தப் பொண்ணு,” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

ஸ்டிக்கர்க்காரருக்கு வாயைக் கட்டிக்கொண்டிருக்க முடியவில்லை.

“தப்பா நினைக்காதேம்மா. உன்னைப் படிக்க வச்ச படகு இது. கூட வேலை செய்யறவங்க யாராவது பாத்துடுவாங்கன்னு வெட்கமா?”

“அப்படியே வச்சுக்குங்கண்ணே.”

கோபம்கூட இல்லை. தூங்கிப் பல நாளானவள் மாதிரி இருந்தது குரல். துணியை எடுத்துப் பாலிஷைத் தொட்டு, மறுபக்கம் போய் அவளே தேய்க்க ஆரம்பித்தாள்.

பெற்றவன் வைத்த பேரைத் தேய்க்க என்ன வேகம் பார் என்று நினைத்துக்கொண்டார். மனசுக்குக் கசப்பாக இருந்தது. வாங்கின கூலிக்காகத் தேய்த்தார்.

வெயில் இறங்கும்போது பேர் போயே போய்விட்டது.

அப்போதுதான் கரையோரமாக அவள் அப்பா வருவதைப் பார்த்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஒவ்வொரு படகின் முன்னாலும் குனிந்து படித்துக்கொண்டே வந்தார். எல்லாம் ஒரே நீலம், ஒரே அச்சு. பேரைப் பார்த்தால்தான் யாருடையது என்று தெரியும்.

இன்றைக்குச் சண்டைதான், நம் தலையும் சேர்ந்து உருளப்போகிறது என்று ஸ்டிக்கர்க்காரர் ஒதுங்கி நின்றார்.

பெரியவர் வந்தார். வெறும் பலகையாய்ப் பளபளத்த இடத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

“ஏம்மா, என் பொண்ணு பேர் போட்ட படகு ஒண்ணு இங்க நின்னுச்சே, பாத்தியா?”

“இல்லைங்களே,” என்றாள் அவள். “இங்க அப்படி எதுவும் இல்லை. நீங்க வீட்டுக்குப் போங்க. உங்க பொண்ணு சாப்பிடாமக் காத்துக்கிட்டிருக்கும்.”

“அட, ஆமாம்,” என்று அவர் திரும்பி நடந்தார்.

ஸ்டிக்கர்க்காரர் அவள் பக்கம் வந்தார்.

“அம்மாடி... உன்னையே தெரியலையா அவருக்கு?”

“யாருக்கும் தெரிய வேண்டாம்னு இருந்தேன். ஊரே அவரைப் பரிதாபமாப் பாக்கறதை அவர் தாங்க மாட்டார்.” கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் கிளம்பினாள்.

“போன வாரம் இந்தப் படகுல ஏறித் தனியாப் போயிட்டார்ண்ணே. தவறித் தண்ணியில விழுந்தவரை யாரோ பாத்துத் தூக்கினாங்க. என்னை மறந்தார், நீச்சலை மறந்தார், இந்தப் பேரை மட்டும் மறக்க மாட்டேங்கறார்.”