வாலில் ஒரு சக்கரம்

காலை ஏழு மணி. கொட்டகையில் இரண்டு குட்டி விமானங்கள் விலைக்கு நின்றன. வாங்க வந்த பல் மருத்துவர் கோமளவல்லி ஒன்றைத்தான் எடுப்பார்.

மூக்கடியில் சக்கரம் உள்ள வெள்ளையனுக்குச் சந்தேகமே இல்லை. "அக்கா, உனக்குச் சக்கரம் வால்ல. தரையில ஓடுறப்போ மூக்கு வானத்தைப் பாக்குது, ஓட்டுறவங்களுக்கு வழியே தெரியாது. உன்னை யாரு வாங்குவாங்க?"

"நீ முதல்ல போய்ட்டு வா தம்பி," என்றது பழைய செங்கால்.

மருத்துவர் ஏறி ஓட்டிப் பார்த்தபோது வெள்ளையன் பூப்போல இறங்கியது. அவர் கொட்டாவி விட்டார்.

செங்கால் இறங்கியதும் பம்பரமாய்ச் சுற்றிப் புல்லில் போய் நின்றது. வியர்த்துப்போனவர், "இன்னொரு தரம்" என்றார். மூன்றாம் முறை அது நேராக ஓடி நின்றபோது வாய்விட்டுச் சிரித்தார். சாயங்காலம் செங்காலோடு கிளம்பிப் போனார்.

மறுநாள், மே ஒன்பதாம் தேதி, தன் மூக்குச் சக்கரத்தைக் கழற்றி வாலில் மாட்டும்படி வெள்ளையன் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டது.