ஒரு மணி நேர வேலை

"போன வாரம் கூலிக்கு ஏதாவது செஞ்சீங்களா?" வேலைவாய்ப்பு அலுவலக அதிகாரி கேட்டார்.

எதிரே இருந்த வெல்டர் எட்டு மாதமாக வேலை தேடி ஏறி இறங்காத பட்டறை இல்லை. பொய் சொல்லவும் வராது. "ஒருத்தருக்குப் பதிலா ஒரு மணி நேரம் கியூவில நின்னேன். டீ செலவுக்குக் காசு கொடுத்தாங்க."

"அது போதும். வாரத்துல ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செஞ்சாலே, விதிப்படி உங்களுக்கு வேலை இருக்கு." உதவித்தொகைப் பட்டியலில் அவர் பெயர் மேல் கோடு விழுந்தது.

"வயித்துல அடிக்காதீங்க சார்."

"நான் என்னய்யா பண்றது? எந்த கியூ அது?"

"இதே கியூதான், வேலையில்லாதவங்க கியூ. உங்க பையனுக்கு வெயில் ஆகாதுன்னு உங்க வீட்டம்மாதான் நிக்க வச்சாங்க."

வெல்டர் எழுந்தார்.

"இனிமே தம்பியையே வந்து நிக்கச் சொல்லுங்க சார். எனக்குத்தான் வேலை கிடைச்சிடுச்சே."